எரு போட்டும் வெங்காயம் மஞ்சளாகுது, ஏன்?

நிலாவெளியான்:
கிணத்தடியில கால் ஏக்கர் மணல் காணி, சின்ன வெங்காயம். இந்தமுறை யூரியா வேண்டாம் எண்டு தம்பலகாமத்தில இருந்து லாண்ட்மாஸ்டர் பெட்டி நிறைய வைக்கோல் எடுப்பிச்சு, பச்சைச் சாணியோட கலந்து பாத்தியில தாட்டனான். மூண்டாம் கிழமை தாள் நுனியெல்லாம் மஞ்சள். அப்பா ஒண்டும் பேசாம ஒரு பேணி யூரியாவை வீசிப்போட்டுத் தண்ணி விட்டார். அஞ்சாறு நாளில பச்சை. (மனிசன் இப்ப என்னைப் பாக்கிற பார்வை இருக்கே!) அப்ப வெங்காயம் எருவைத் தின்னாதா?

மண்வெட்டி:
தம்பி, வேருக்குப் பல்லில்லை. தண்ணியில கரைஞ்சதைத்தான் எடுக்கும். தாளைப் பச்சையா வைக்கிற நைதரசனைப் பெரும்பாலும் அமோனியம், நைத்திரேற்று எண்ட ரெண்டு வடிவத்தில எடுக்கும். புரதம் உடைஞ்சு வாற அமினோவமிலத்தையும் வேர் நேராவே எடுக்கும். வடதுருவப் பக்கத்துக் குளிர் மண்ணில அது பெரிய விசயம். எங்கட சூட்டு மண்ணில நுண்ணங்கிகள் அதை முந்தி அள்ளிப்போடும்.

பிழை சாணியில இல்லை, வைக்கோலில. அதில ஒரு பங்கு நைதரசனுக்கு 60 பங்கு அளவில காபன். நுண்ணங்கிக்கு 25 அளவுதான் தோது. அதுக்கு மேல போனா குறையிற நைதரசனை மண்ணில இருந்தே இழுத்துக்கொள்ளும். உங்கட வெங்காயத்தின்ர பந்தியில போட்டிக்கு ஆளைக் கொண்டுவந்து இருத்தினது நீங்கதான்.

தம்பலகாமம் வேளாண்மைக்காரன்:
வைக்கோல் எங்கடதானே, அதில குறை சொல்லாதீங்க! வயல் வேற கதை. தண்ணி நிண்ட சேத்தில ஒட்சிசன் இல்லை, நெல் அமோனியத்திலதான் வளரும். நைத்திரேற்று கிடந்தா வாயுவாப் பறந்திடும். உங்கட மணலில யூரியா முதல்ல அமோனியமாகி, பிறகு நைத்திரேற்றாகும். மண் அதைப் பிடிச்சுவைக்காது, தண்ணியோட கீழ இறங்கும். கிணத்தடி எண்டு எழுதியிருக்கிறீங்க. குடிதண்ணியும் அதுதானோ?

நிலாவெளியான்:
அதுதான். அதை நான் யோசிக்கவேயில்லை. 50 கிலோ மூட்டையில 23 கிலோ நைதரசன் எண்டா எவ்வளவு கிணத்துக்க போயிருக்கும்?

இதை அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினன். "2021இல யூரியா இல்லாத நேரம் நான் போட்டது உக்கின ஆட்டெரு. நீ போட்டது மாட்டின்ர சாப்பாடு" எண்டார். மிச்ச வைக்கோலைக் கிளிசரிடியாக் குழையோட குழியில போட்டு மூடியாச்சு. யூரியாப் பேணியும் இப்ப என்ர கையில. கொஞ்சம் கொஞ்சமா, நாலு தரமாப் பிரிச்சுப் போடப்போறன்.