தூங்கட்டும் என்று விட்டுவிட்டோம்

வேலை விஷயமாக மலேரியா உள்ள காட்டுப் பகுதிக்குப் போன என் தம்பிக்கு, திரும்பி வந்த பத்தாம் நாள் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல். வியர்த்ததும் இறங்கும், மறுபடி ஏறும். மூன்றாம் நாள் காய்ச்சல் இல்லை, ஆனால் தூங்கிக்கொண்டே இருந்தான். அசதி, தூங்கட்டும் என்று நினைத்தேன். சாயங்காலம் எழுப்பினால், என்னையே யாரென்று கேட்டான். அப்புறம்தான் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

"சமீபத்தில் எங்கே போய் வந்தார்?" என்பதுதான் டாக்டரின் முதல் கேள்வி. அதற்குள் நர்ஸ் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்: 38. உடனே குளுக்கோஸ் ஏற்றினார்கள். ரத்தத்தில் ஃபால்சிபாரம் என்ற, உயிருக்கே ஆபத்தான மலேரியாக் கிருமி. அது புகுந்த சிவப்பணுக்கள் நுண்ணிய ரத்தக் குழாய்களில் ஒட்டிக்கொண்டு மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போகும் ரத்தத்தைத் தடுக்கும் என்றார்கள். சர்க்கரையும் இறங்கிவிடும். நான் அசதி என்று நினைத்தது இதைத்தான்.

ஆர்ட்டிசுனேட் என்ற மலேரியா மருந்தை ரத்தக் குழாயில் ஊசியாகப் போட்டார்கள். 12 மணி நேரத்தில் ஒன்று, 24 மணி நேரத்தில் ஒன்று. விழுங்க முடிந்த பிறகு, மலேரியா மருந்துகள் சேர்ந்த கூட்டு மாத்திரை 3 நாள். சிறுநீர் குறைந்து கருஞ்சிவப்பாகப் போனதால் இரண்டு முறை டயாலிசிஸ். பிழைத்துவிட்டான். அந்தப் பகல் முழுக்க அவனை எழுப்பாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேனே என்பதுதான் இன்னும் ஆறவில்லை.

*

உங்கள் தம்பியைப் பற்றிப் படித்தேன். என் மகளுக்கும் 4 வயதில் மலேரியா வந்தது. முதல் பரிசோதனையில் மலேரியா இல்லை என்று வந்ததும் நாங்கள் நிம்மதியாகிவிட்டோம். டாக்டர் விடவில்லை. ஆரம்பத்தில் கிருமி குறைவாக இருந்தால் தெரியாமல் போகலாம் என்று மறுநாளும் ரத்தம் எடுத்தார். அதில் இருந்தது. முடிவு வந்த அரை மணியில் வலிப்பு. ஆஸ்பத்திரியிலேயே இருந்ததால் ஊசி தாமதமில்லாமல் ஏறியது. "ஒரு தடவை பார்த்தாயிற்றே" என்று வீட்டுக்குக் கூட்டிப் போயிருந்தால்... யோசிக்கவே முடியவில்லை.

*

உங்கள் தம்பி வீட்டுக்கு வந்தாயிற்றா? ஆர்ட்டிசுனேட் ஊசி போட்டு ஒரு வாரத்துக்குப் பிறகு, நாலு வாரத்துக்குள் சிலருக்குச் சிவப்பணுக்கள் உடையும். என் கணவருக்கு மலேரியாக் கிருமி முழுக்கப் போய், நடமாட ஆரம்பித்த பிறகு, 15ஆம் நாள் முகம் வெளுத்து மூச்சு வாங்கியது. ஹீமோகுளோபின் 6. ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. வாரம் ஒரு முறையாவது ரத்தம் பாருங்கள்.

*

ரொம்ப நன்றிங்க. தம்பிக்கு ஊசி போட்டு இன்றோடு 12 நாள். ரத்தம் பார்க்க வரச் சொன்ன தேதியை, நன்றாகத்தானே இருக்கிறான் என்று தள்ளிப் போட்டிருந்தோம். இப்போதே கூட்டிப் போகிறேன்.