நியூமோகொக்கஸ் மெனிஞ்சைற்றிஸ்: டிஸ்க்கை நம்பி வன்கொமைசினை நிறுத்தலாமா?

கோணேசர்மலை_லாப் (திருகோணமலை)
மெனிஞ்சைற்றிஸ் (மூளையுறை அழற்சி) நோயாளி, சீ.எஸ்.எஃப். (மூளை-முள்ளந்தண்டு நீர்) கல்ச்சரில நியூமோகொக்கஸ் பக்டீரியா. மருந்து டிஸ்க்கைச் சுத்திக் கிருமி வளராத வட்டம்: 1 மைக்ரோகிராம் ஒக்சசிலின் டிஸ்க் 14 மி.மீ., செஃப்ட்ரியக்சோன் டிஸ்க் 29 மி.மீ. செஃப்ட்ரியக்சோனோட குடுக்கிற வன்கொமைசினை நிறுத்தலாமோ எண்டு வோர்டில கேக்கினம். ரிப்போர்ட்டில என்ன எழுதுறது?

அகார்த்தட்டு
நிறுத்தச் சொல்லாதேங்கோ தம்பி. ஒக்சசிலின் 20 மி.மீ. அல்லது கூட வந்தால் பென்சிலின் கேக்கும் எண்டு துணிஞ்சு எழுதலாம். 19 அல்லது அதுக்குக் கீழ வந்தா எதிர்ப்பு எண்டு முடிவுகட்டேலாது, எம்.ஐ.சி. (கிருமி வளர்ச்சியை நிறுத்துற ஆகக் குறைஞ்ச மருந்தளவு, மைக்ரோகிராம்/மி.லீ.) பாக்கவேணும். அந்த 29ஐ மறந்திடுங்கோ. நியூமோகொக்கஸுக்கு செஃப்ட்ரியக்சோன் டிஸ்க் வட்டத்துக்கு அளவுகோலே இல்லை.

எம்.ஐ.சி. வந்தாலும் எந்த அட்டவணையைப் பாக்கிறீங்கள் எண்டதில்தான் பிழை விடுறது. சீ.எல்.எஸ்.ஐ. (அமெரிக்க லாப் தர அமைப்பு) படி செஃப்ட்ரியக்சோன் 1 எண்டால் நிமோனியாவுக்கு சென்சிற்றிவ் (மருந்து கேக்கும்), மெனிஞ்சைற்றிஸுக்கு இடைநிலை. 2 எண்டால் மெனிஞ்சைற்றிஸுக்கு எதிர்ப்பு. 0.5 வரைக்கும்தான் நிம்மதி. மெனிஞ்சைற்றிஸில பென்சிலினுக்கு இடைநிலையே கிடையாது: 0.06 வரை சரி, 0.12இல எதிர்ப்பு. இரத்தத்தில ஓடுற மருந்தில கொஞ்சம்தான் மூளைப் பக்கம் போகும், அதாலதான் இந்தக் கண்டிப்பு. சீ.எஸ்.எஃப். மாதிரிக்கு நிமோனியா விளக்கத்தை ரிப்போர்ட்டில போடவே கூடாது.

கோணேசர்மலை_லாப்
நன்றி அண்ணை. எம்.ஐ.சி. பாக்க ஈ-டெஸ்ட் துண்டு (மருந்து படிப்படியாய்க் கூடுற பட்டி) இருக்கு. எதில கவனம்?

உப்புக்காற்று
முல்லர்-ஹின்டன் அகாரில 5% செம்மறி இரத்தம். இரத்த வங்கியில மிஞ்சினதை ஊத்தாதேங்கோ. மனித இரத்தத்தில பிறபொருளெதிரியும், சிலவேளை அன்டிபயோற்றிக்கும் இருக்கும். இரவு வளந்த புதுக் கொலனியில மக்ஃபார்லண்ட் 0.5 (கலங்கல் அளவு), பழசெண்டால் தானே உடைஞ்சு அழிஞ்சிடும். பிரிஜ்ஜால எடுத்த துண்டை அறைச் சூட்டுக்கு வந்தபிறகுதான் உடையுங்கோ. நம்ம ஊர்க் காத்தில உடனே நீர் கோத்திடும். வைச்ச துண்டை நகர்த்தவேண்டாம். 35 பாகை, 5% காபனீரொட்சைட்டு, 20–24 மணி. பச்சை நிறத்தைப் பாக்காமல் வளர்ச்சி எங்க நிக்குது எண்டு பாருங்கோ. செஃப்ட்ரியக்சோன் 0.75 எண்டு வாசிச்சால் மேல் படியான 1 எண்டு எழுதவேணும், வகையே மாறுது! ஏ.ரி.சி.சி. 49619 (தரம் பாக்கிற நியூமோகொக்கஸ்) அதே நாளில ஓடவேணும்.

வோர்ட்_பக்கம்
எம்.ஐ.சி. வரும்வரை செஃப்ட்ரியக்சோன், வன்கொமைசின் இரண்டும் தொடரட்டும். வளர்ந்தவருக்கு செஃப்ட்ரியக்சோன் 2 கிராம் 12 மணிக்கொருமுறை. வன்கொமைசின் கிலோவுக்கு 15–20 மி.கி., சிறுநீரகத்தையும் இரத்த அளவையும் பார்த்து 8–12 மணிக்கொருமுறை. டெக்சாமெதசோன் (ஸ்ரீரொயிட்) கொடுத்தால் வீக்கம் வற்றும், அதோடு வன்கொமைசின் சீ.எஸ்.எஃப். உள்ளே போவதும் குறையலாம். ஆகவே வன்கொமைசினைத் தனியாக நம்பவேண்டாம். செஃப்ட்ரியக்சோன் எம்.ஐ.சி. 2ஐத் தாண்டினால் ரிஃபாம்பிசின் சேர்ப்பதை யோசிக்கலாம், ஆனால் அதுவும் தனியாக அல்ல. 48 மணித்தியாலத்தில் தேறாவிட்டால் மறுபடி முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்து கிராம், கல்ச்சர் இரண்டும் செய்யவேண்டும். அந்தக் குழாயை ஐஸில் வைக்காமல் நேரே லாப்புக்குக் கொடுங்கள். குளிரில் நியூமோகொக்கஸ் செத்துவிட்டால் மருந்து வென்றதென்று ஏமாறுவீர்கள்.