ஊட்னடாட்டா மண்சாலை: கேரவன் டயருக்கு 35 பிஎஸ்ஐயா, 50 பிஎஸ்ஐயா?

நெடுவழி:
நம் வாட்ஸ்அப் குழுவில் டீசல்காரன் அண்ணா போட்டதைப் படித்ததிலிருந்து ஆத்திரம் அடங்கவில்லை. "கேரவன் டயரில் காற்றை இறக்குவது வேலையற்றவன் வேலை. மாரீயிலிருந்து மார்லா வரை 50 பிஎஸ்ஐயிலேயே போகலாம்" என்று எழுதியிருக்கிறார். பள்ளி விடுமுறைக்கு முதன்முதலாகக் காரின் பின்னால் கேரவன் என்ற சக்கர வீட்டை இழுத்துக்கொண்டு கிளம்பும் குடும்பங்கள் அந்தக் குழுவில் இருக்கின்றன. தெற்கு ஆஸ்திரேலியாவில் 600 கிலோமீட்டருக்கு மேல் தார் இல்லாத சாலை அது. டயரின் காற்றழுத்தத்தை 35 பிஎஸ்ஐக்கு இறக்குங்கள். கல் மேல் ஏறும்போது டயர் வளைந்து கொடுக்க வேண்டும். விறைப்பாக இருந்தால் கூர்க்கல் நேராக உள்ளே இறங்கும்.

டீசல்காரன்:
பெயரைப் போட்டே திட்டியாகிவிட்டது, சந்தோஷம். நானும் அந்த ரோட்டில் போனவன்தான், யூடியூபில் பார்த்தவன் இல்லை. காற்றை இறக்கினால் டயரின் பக்கச்சுவர் பிதுங்கும். பிதுங்கிய இடத்தைத்தான் கல் கிழிக்கும். சூடும் ஏறும். ஊட்னடாட்டாவில் 1960 ஜனவரி 2 அன்று 50.7 டிகிரி பதிவாகியிருக்கிறது. அந்த ஊருக்கா காற்று குறைந்த டயரோடு போகச் சொல்கிறீர்கள்? 50தான்.

நெடுவழி:
ஜனவரியில் அங்கே கேரவனோடு யார் போகிறார்கள்? எல்லாரும் போவது அங்கே குளிர்காலமான ஜூன், ஜூலையில். விடியற்காலையில் ஜாக்கியைத் தொட்டால் விரல் விறைத்துப்போகும். டயர் சூடாவது காற்றை இறக்கிவிட்டு 100-இல் பறப்பதால். இறக்கினால் 70, 80-ஐத் தாண்டக் கூடாது. அந்தப் பாதியை விட்டுவிட்டுப் பேசினால் எப்படி?

மல்லிகை_அடிலெய்டு:
35, 50 என்கிறீர்களே, காலையில் குளிர்ந்த டயரில் அளந்ததா, ஓடிச் சூடான டயரில் அளந்ததா? கேரவன் எடை எவ்வளவு? ஒற்றை அச்சா, இரட்டை அச்சா? கிளம்பும்முன் அளந்து, ஒரு மணி நேரம் ஓட்டியபின் மறுபடி அளந்தால் சாதாரண டயரில் 4 பிஎஸ்ஐ, எல்டி எனும் கனரக டயரில் 6 பிஎஸ்ஐ போல ஏறியிருக்க வேண்டும். அதற்கு மேல் ஏறினால் காற்று போதவில்லை, இல்லையென்றால் வேகம் அதிகம். பலரும் வைத்திருக்கும் கணக்கு இது.

டீசல்காரன்:
தங்கச்சி, கணக்கெல்லாம் இருக்கட்டும். என் டயரில் 50. ஒரு பஞ்சர்கூட இல்லை.

யாழ்_பெர்த்:
அண்ணைமாரே, நாங்கள் குடும்பத்தோடு நல்லர்போர் சமவெளியைத் தாண்டிப் போனோம். பலடோனியாவில் இருந்து கைகுனா மட்டும் 146.6 கிலோமீட்டருக்கு ஒரு வளைவும் இல்லை. டயரைத் தொடவே இல்லை. ஒரு பிரச்சினையும் வரவில்லை.

நெடுவழி:
அது 1976-லேயே முழுக்கத் தார் போட்ட சாலை. இங்கே பேசுவது மண்சாலையைப் பற்றி.

யாழ்_பெர்த்:
தார் ரோடு எண்டால் இளக்காரமோ? எதிர்க்காற்றில் கேரவன் இழுத்தால் டீசல் எப்படிக் குடிக்கும் எண்டு தெரியுமோ? பல பெட்டி கோத்த 53.5 மீட்டர் லாரி, ரோட் ட்ரெயின், பக்கத்தால் போகும்போது கேரவன் ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்திருக்கிறீங்களோ? வண்டி ரேடியோவில் சானல் 40-இல் ட்ரக்காரரோடு கதைக்கத் தெரியாதவர்கள்தான் இங்கே பிஎஸ்ஐ கதைக்கிறார்கள்.

புதுப்பயணி:
எங்களுடையது இரட்டை அச்சு கேரவன், 2400 கிலோ. ஆகஸ்டில் வில்லியம் க்ரீக் வழியாகப் போகிறோம். உதிரி டயர் ஒன்று போதுமா, இரண்டு வேண்டுமா?

டீசல்காரன்:
சானல் 40 லாரிக்காரர்களுக்கு. கேரவன்காரர்கள் பேசுவது 18-இல். அது கிடக்கட்டும். நெடுவழி, டொயோட்டா பிராடோ காரில் 3500 கிலோ இழுக்கலாம் என்று போன வருடம் இதே இடத்தில் அடித்துச் சொன்னீர்களே, நினைவிருக்கிறதா? பிராடோவுக்கு 3000தான். அந்த ஆள் இப்போது டயருக்குப் பாடம் எடுக்கிறார்.

நெடுவழி:
3500தான். இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

மல்லிகை_அடிலெய்டு:
150 வரிசைக்கு 3000, புது 250 வரிசைக்கு 3500. எந்த பிராடோ என்று இருவருமே சொல்லவில்லை. புதுப்பயணிக்கும் ஒருவரும் பதில் சொல்லவில்லை. இரண்டு உதிரி டயர் எடுத்துக்கொள்ளுங்கள். வில்லியம் க்ரீக்கிலிருந்து ஊட்னடாட்டா 200 கிலோமீட்டர், நடுவில் டயர்க் கடை கிடையாது.

நெடுவழி:
டயருக்கே வருகிறேன். அல்ஜபக்கினா பாலம் தெரியுமல்லவா, 1892-இல் திறந்த, 'கான்' என்ற பழைய ரயில் ஓடிய பாலம்? அதன் பக்கத்தில் ஒரு குடும்பம் நின்றுகொண்டிருந்தது. கேரவன் டயரின் நடுவில் விரல் நுழையும் அளவுக்குக் கல் பிளந்திருந்தது. உள்ளே அலமாரிக் கதவின் திருகெல்லாம் கழன்று தரையில் கிடந்தது. மைக்ரோவேவ் ஒற்றைத் திருகில் தொங்கியது. காரின் பின்கண்ணாடி முழுக்கத் தூள். காரின் பின்சக்கரம் எறிந்த கல் கேரவன் முகப்பில் பட்டுத் திரும்பி வந்து அடித்திருக்கிறது. டயரில் எவ்வளவு காற்று என்று கேட்டேன். "வாங்கிய இடத்தில் 50 வைக்கச் சொன்னார்கள்" என்றார். மண்சாலையில் அலையலையாக எழும்பியிருக்கும் அந்த வரிமேட்டில் 50 வைத்தால் அதிர்ச்சி முழுவதும் ஷாக் அப்சார்பருக்கும் வீட்டுச் சாமானுக்கும் போகும். காற்றை இறக்கப் பத்து நிமிடம் ஆகுமா? மார்லாவில் தார் வந்ததும் 12 வோல்ட் கம்ப்ரசரில் ஏற்றிக்கொள்ளலாம். அந்தப் பத்து நிமிடத்துக்குச் சோம்பல்பட்டுக் குழந்தைகளை அந்த வெட்டவெளியில் நிறுத்தாதீர்கள். 35.

டீசல்காரன்:
பின்கண்ணாடி உடைந்ததற்கும் பிஎஸ்ஐக்கும் என்ன சம்பந்தம்? வேகமாகப் போயிருப்பான், கல்தடுப்பு வலை கட்டியிருக்க மாட்டான். ஒரு கண்ணாடியைக் காட்டி என் 50-ஐ உடைக்கப் பார்க்கிறீர்கள்.

யாழ்_பெர்த்:
சானல் 18-இல் ரோட் ட்ரெயின்காரன் கேட்டுக்கொண்டிருப்பானோ? 40-ஐயும் போட்டு வையுங்கோ. அதைத்தான் நான் சொன்னது.

நெடுவழி:
வேகமாகப் போனதும் தப்பு, 50 வைத்ததும் தப்பு. வாட்ஸ்அப் குழுவில் போட்டதை முதலில் நீக்குங்கள்.

டீசல்காரன்:
நீக்க மாட்டேன். பிராடோ 3500 பதிவை நீங்கள் நீக்கினீர்களா? அது அப்படியே இருக்கிறது, இப்போதுதான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.