மேனியேற்றம்: குழந்தைப் பொம்மைகளின் தோல்நிறத்துக்கு ஒரு சொல்

கலைச்சொற் பட்டியல் அமைக்கும் குழுவினருக்கு வணக்கம்.

ரீபார்ன் எனப்படும், பிறந்த குழந்தையைப் போலவே தோன்றும் வினைல் பொம்மைகளுக்கு நிறம் கொடுக்கும் வேலையைத் 'தோல் தீட்டல்' எனலாம் என்று நண்பர் ஒருவர் முன்மொழிந்திருந்தார். எளிய சொல்தான், ஆயினும் வேலையின் இயல்பை அது மறைத்துவிடுவதால் என்னால் உடன்பட இயலவில்லை. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் கோயில் கொடைவிழாவுக்கு முன்பு சுடலைமாடனுக்கும் இசக்கியம்மனுக்கும் வர்ணம் தீட்டும்போது, அடியிலுள்ள மண்ணும் காரையும் தெரியாமல் மூடுவதே கைத்திறன். ரீபார்ன் பொம்மையில் நடப்பது இதற்கு நேர்மாறானது. சூட்டில் இறுகும் வண்ணத்தை நீர்க்கக் கரைத்து, பஞ்சால் ஒற்றி, ஏறத்தாழ 130 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சில நிமிடங்கள் வைத்து, ஆறிய பின்னர் அடுத்த படலத்தை ஏற்றுகிறார்கள். அடியில் இட்ட நீலமும் சிவப்பும் மேலே வரும் பழுப்பின் ஊடாகத் தெரிய வேண்டும். உண்மையான தோலிலும் மெலனின் என்னும் நிறமியும் அதனடியில் ஓடும் குருதியும் சேர்ந்தே நிறமாகின்றன.

ஆகவே 'மேனியேற்றம்' என்பதை முன்வைக்கிறேன். சாயமேற்றுதல், மெருகேற்றுதல், உருவேற்றுதல் எனச் சிறுகச் சிறுகக் கூட்டும் செயல்களுக்குத் தமிழில் 'ஏற்று' என்பதே வழங்குகிறது. 'மேனி' உடலையும் அதன் நிறத்தையும் ஒருசேரச் சுட்டும். 'மேல்வண்ணம்' என்ற பரிந்துரையும் எனக்குப் பிடித்திருந்தது, ஏனெனில் எங்கள் ஊர்களில் உடம்பையே 'மேலு' என்பார்கள். பிற வட்டாரத்தார் அதைக் கடைசிப் பூச்சு என்றே கொள்வார்கள் என்பதால் கைவிட வேண்டியிருக்கிறது.

'மாட்லிங்' எனப்படும், சிவப்பும் நீலமுமாகத் திட்டுத்திட்டாக ஒற்றும் வேலைக்குத் 'தேமல்' பொருந்தாது. அது நோயின் பெயர். பிறந்த குழந்தைக்குக் குளிரில் தோன்றும் வலைப்பின்னல் போன்ற நிறமோ இயல்பானது. 'படர்நிறம்' என்றால் தோற்றமும் விளங்கும், 'படர்நிறம் ஒற்றுதல்' என்று வினையாகவும் அமையும்.

நம் நாட்டுக் குழந்தைகளின் நிறத்துக்கு இன்னொரு சொல்லும் தேவை. மாநிறத்துக்கோ கறுப்புக்கோ பழுப்பை மட்டும் ஒரே சீராக அடர்த்தியாக்கினால் பொம்மை மரப்பாச்சி போலாகிவிடும். உள்ளங்கையும் உள்ளங்காலும் வெளிறியிருக்க வேண்டும். விரல்மூட்டுகளும் தோல்மடிப்புகளும் சற்றே கருத்திருக்க வேண்டும். இடுப்புக்குக் கீழே நம் பிள்ளைகள் பலருக்கும் பிறப்பிலேயே இருக்கும் நீலச்சாம்பல் மறுவையும் விட்டுவிடக் கூடாது. காது மடலின் ஓரத்திலும் நகக்கண்ணிலும் உள்ள கருமையைப் பார்த்து, பிள்ளை வளர்ந்தால் எந்த நிறத்துக்கு வரும் என்று எங்கள் ஆச்சிமார் சொல்வார்கள். பின்னர் வரப்போகும் நிறத்தை முன்கூட்டியே காட்டும் இந்தக் கருமையை 'முன்னிறம்' எனலாம். அயல்மொழிச் சொல் ஒன்றுக்கு நிகராக அல்லாமல் நம் பிள்ளைகளின் தோலைப் பார்த்தே அமைவதால், இச்சொல் பட்டியலில் இடம்பெற வேண்டும் என்று வலியுறுத்துகிறேன்.

சிரைகள் எனப்படும் இரத்தக் குழாய்களின் கோடுகளைப் பேச்சில் 'பச்சை நரம்பு' என்கிறோம். அறிவியலில் நரம்பு வேறொன்றாகிவிட்டதால் 'சிரைவரி' என்பதே குழப்பமற்றது. வினைலின் பளபளப்பைத் தணிக்க இறுதியில் இடும் வார்னிஷுக்கு 'மங்கல் பூச்சு' என்று நீங்கள் தந்த சொல்லை மாற்ற வேண்டியதில்லை. மேனியேற்றம் முழுவதும் முடிந்த பின் அதன்மேல் தங்குவது அது ஒன்றே.