ஜூன் மாதத்தில் குதிரைச் சவாரி விடுமுறை: மாட்டுப் பண்ணையா, மலைக்காடா?

வண்ணாரப்பேட்டை கடையம்மா எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் எங்களுக்கு ஒரு சின்ன துணிக்கடை இருக்கிறது. ஆடித் தள்ளுபடி தொடங்கிவிட்டால் பொங்கல் முடிகிற வரைக்கும் ஷட்டரை இறக்க முடியாது. கோடையில் கல்யாண முகூர்த்தம், அப்புறம் பள்ளிக்கூடச் சீருடை. எங்களுக்கு மூச்சு விட நேரம் கிடைப்பது ஜூன் பாதிக்கு மேல்தான்.

தம்பி அமெரிக்காவில் டென்வரில் இருக்கிறான். வரச்சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தான், இந்த வருஷம் கிளம்பிவிடுவது என்று முடிவு செய்துவிட்டோம். ஊர் ஊராகக் காரில் சுற்றிப் போட்டோ எடுத்துக்கொண்டு வருவதில் எனக்கு மனசு இல்லை. மகளுக்குக் குதிரை என்றால் உயிர். மெரினாவில் ஏறியதோடு சரி, ஆனால் குதிரையைப் பற்றி அவளுக்குத் தெரியாதது கிடையாது. இதைக் கேட்ட தம்பி இரண்டு இடம் பார்த்து வைத்திருக்கிறான். ஒன்று வயோமிங்கில் ஒரு மாட்டுப் பண்ணை. ஒரு வாரம் தங்கி தினமும் சவாரி போகலாம், மாடு ஓட்டுகிற வேலையிலும் சேர்த்துக்கொள்வார்களாம். இன்னொன்று மொன்டானாவில் பாப் மார்ஷல் என்ற மலைக்காடு. கோவேறு கழுதைகளில் கூடாரமும் சாப்பாட்டுச் சாமானும் ஏற்றிக்கொண்டு, குதிரையிலேயே உள்ளே போய்த் தங்கி வருவது.

மகள் மலை என்கிறாள். வீட்டுக்காரர் பண்ணை என்கிறார். அவருக்கு எடை 104 கிலோ. எனக்குப் படி ஏறும்போது ஒன்றும் தெரியாது, இறங்கும்போது முழங்கால் பிடிக்கும். எங்களைப் போல ஐம்பதைத் தொடுகிறவர்கள், குதிரையே ஏறாதவர்கள், இதில் எதற்குப் போகலாம்? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

கல்மண்டபம் மோட்டார் எழுதியது:

அக்கா, நீங்கள் ஜூன் என்று சொன்னதிலேயே பாதி பதில் வந்துவிட்டது. பண்ணைக்குப் போங்கள். மகளுக்கு வருத்தமாக இருக்கும், அவளிடம் சொல்வதற்குக் காரணமும் தருகிறேன்.

நான் காசிமேட்டில் விசைப்படகு எஞ்சின் வேலை பார்க்கிறவன். என் அக்கா மகன் மொன்டானாவில் படித்தான், அவன் தயவில் பண்ணை, மலை இரண்டையும் பார்த்தேன். ராக்கி மலையின் உயரமான கணவாய்களில் ஜூன் முடிகிற வரைக்கும்கூடப் பனி கிடக்கும். அது உருகி ஓடி வருவதும் அதே சமயத்தில்தான். ஆறு கலங்கி, நிறைந்து, இழுப்போடு போகும். பாப் மார்ஷலில் பாலம் இல்லாத இடங்களில் குதிரையோடு தண்ணீரில் இறங்கித்தான் அக்கரை போக வேண்டும். ஆகஸ்டில் குதிரையின் முழங்கால் அளவுக்கு இருக்கிற தண்ணீர் ஜூனில் அதன் வயிற்றைத் தொடும். முதல் முறை குதிரை ஏறுகிறவருக்கு அது வேண்டாம்.

அந்தக் காட்டைக் கொஞ்சமும் குறைத்துச் சொல்லவில்லை. சுமார் 10 லட்சம் ஏக்கர், அதாவது நம் சென்னை மாநகராட்சி எல்லையைப் போல ஒன்பது மடங்குக்கு மேல். 1964-இல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டு இப்படிப்பட்ட காடுகளுக்குள் எஞ்சின் வைத்த வண்டி எதுவும் போகக்கூடாது என்று வைத்தது. சைக்கிளுக்குக்கூட அனுமதி கிடையாது. வழியில் மரம் விழுந்து கிடந்தால் வனத்துறை ஆட்கள் இரண்டு பக்கமும் ஆள் நின்று இழுக்கிற கை ரம்பத்தால் அறுக்கிறார்கள். நாள் முழுக்க எஞ்சின் சத்தத்திலேயே பிழைக்கிற எனக்கு அங்கே குளம்புச் சத்தமும் சேணத்துத் தோல் உரசுகிற சத்தமும் மட்டும் கேட்டது என்னவோ செய்தது. சைனீஸ் வால் என்று ஒரு சுண்ணாம்புப் பாறை மதில், சுமார் 300 மீட்டர் உயரத்தில் 35 கிலோமீட்டருக்கு நீண்டு கிடக்கிறது. வெயில் முதலில் அதன் மேல்விளிம்பில் படும், நாம் கீழே நடுங்கிக்கொண்டு காபி டம்ளரைக் கையில் பிடித்திருப்போம். உங்கள் மகள் அதைப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் ஜூலை பாதிக்கு மேல், சவாரி பழகிய பிறகு. உள்ளே கால் சுளுக்கினால்கூட அதே குதிரையில் ஏறித்தான் திரும்பி வர வேண்டும்.

பண்ணையைப் பொறுத்தவரை, விருந்தினரை வைத்துக்கொள்கிற பண்ணைகளை அங்கே டூட் ராஞ்ச் என்பார்கள். இது நேற்று வந்த தொழில் இல்லை. ஈட்டன் என்று மூன்று சகோதரர்கள் டகோட்டாவில் பண்ணை வைத்திருந்தார்கள். பார்க்க வந்த நண்பர்கள் வாரக்கணக்கில் தங்க ஆரம்பித்ததும் தங்கலுக்குக் காசு வாங்கினார்கள். 1904-இல் வயோமிங்கின் வுல்ஃப் என்ற ஊருக்கு இடம் மாறினார்கள், அந்தப் பண்ணை இன்றைக்கும் நடக்கிறது. 1926-இல் பண்ணைக்காரர்கள் சேர்ந்து சங்கமே அமைத்துக்கொண்டார்கள். பட்டணத்து ஆளை, குதிரையைத் தொட்டே பார்க்காதவரை, பத்திரமாக ஏற்றி இறக்குவது அவர்களுக்குத் தலைமுறைப் பழக்கம். ஆனால் மாடு வளர்ப்பையே முழு வேலையாக வைத்துக்கொண்டு இரண்டு மூன்று விருந்தினரை மட்டும் சேர்த்துக்கொள்கிற பண்ணைகளும் உண்டு. அங்கே வேலை எப்போது முடிகிறதோ அப்போதுதான் இறங்க முடியும். எந்த வகை என்று தம்பியைக் கேட்கச் சொல்லுங்கள். உங்களுக்கு முதல் வகை சரி.

அண்ணன் எடை விஷயம். அங்கே பெரும்பாலும் குவார்ட்டர் ஹார்ஸ் என்ற இனம்தான், சுமார் 500 கிலோ இருக்கும். ஆளும் சேணமும் சேர்ந்து குதிரை எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது பொதுவான கணக்கு. மேற்கத்திச் சேணமே 15 கிலோவுக்கு மேல் இருக்கும். இந்தக் கணக்கை அப்படியே பார்த்தால் எல்லை இன்னும் குறையும், ஆனாலும் பல பண்ணைகளில் ஆளின் எடைக்கு 100 கிலோ, 110 கிலோ என்று எல்லை வைத்திருக்கிறார்கள். உள்ளதை உள்ளபடி முன்னாடியே எழுதிவிட்டால் சுமை இழுக்கிற பெரிய இனத்தில் கலந்து பிறந்த குதிரை ஒன்றை ஒதுக்கி வைப்பார்கள். குறைத்து எழுதினால் அங்கே போன பிறகு அவர் மட்டும் வேலி ஓரம் நிற்க வேண்டி வரும். குதிரையின் முதுகும் பாவம்.

காலையில் குதிரை பூட்டுவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள், தவறவிடாதீர்கள். விடிவதற்கு முன்னாலேயே பண்ணை ஆட்கள் மேய்ச்சல் நிலத்துக்குப் போய் எல்லாக் குதிரைகளையும் ஓட்டி வருவார்கள். தூசிக்குள் முதலில் சத்தம்தான் வரும், அப்புறம் காது, அப்புறம் தலை. கம்பளி விரித்து, சேணம் வைத்து, வயிற்றுவாரை இழுத்துக் கட்டும்போது சில குதிரைகள் வயிற்றை உப்பிக்கொள்ளும். எனக்குக் கொடுத்த பழுப்புக் குதிரைக்கு அந்தப் பழக்கம் இருந்தது. அதைப் பூட்டிய பண்ணைப் பெண் வாரைக் கட்டினாள், பத்தடி நடத்திக்கொண்டு போனாள், அது மூச்சை விட்டதும் இன்னும் இரண்டு ஓட்டை இறுக்கினாள். இறுக்காமல் ஏறினால் சேணம் பக்கவாட்டில் சரிந்துவிடும். ஏறிக் கொஞ்ச தூரம் போன பிறகு இன்னொரு தரம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், அவர்கள் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

உட்காருவது பற்றி: கடிவாளத்தை ஒரு கையில் தளர்வாகப் பிடிக்க வேண்டும். வலது பக்கம் போக வேண்டுமானால் கையை வலது பக்கம் கொண்டுபோனால் போதும், இடது வார் கழுத்தில் படும், குதிரை திரும்பிவிடும். வாயைப் பிடித்து இழுக்கவே கூடாது. அங்கவடியில், அதாவது சேணத்திலிருந்து தொங்குகிற கால் வளையத்தில், பாதத்தின் முன்பகுதி, குதிகால் கீழே. இடுப்பை இறுக்கினால் ஒவ்வொரு அடிக்கும் தூக்கிப் போடும். கட்டுமரத்தில் நிற்கிறவன் முழங்காலை இளக்கி அலையோடு போகிற மாதிரி விட்டுக்கொடுத்து உட்கார வேண்டும். அது பிடிபட்ட பிறகுதான் சுற்றிலும் இருக்கிற மலை என் கண்ணுக்குத் தெரிந்தது.

உங்கள் முழங்காலுக்கு இறக்கம்தான் சோதனை. அரைமணிக்கு ஒரு தரம், சமதளத்தில், அங்கவடியிலிருந்து காலை எடுத்துத் தொங்கவிடுங்கள். ஏறவும் இறங்கவும் மரப்படி கேளுங்கள்.

மாதவரம் பால்பண்ணை எழுதியது:

அம்மா, கல்மண்டபம் தம்பி சொன்னது சரி. நான் கால்நடைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன், வேப்பேரி கால்நடை மருத்துவமனையில் குதிரைகளோடும் பழகியிருக்கிறேன். மாடு பக்கத்தை மட்டும் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கு அந்தப் பண்ணையில் பெரிய சந்தோஷம் அதிலிருந்துதான் வரும் என்று எனக்குத் தோன்றுகிறது.

வசந்த காலத்தில் கன்று போட்ட பசுக்களைக் கோடை தொடங்கும்போது மலை மேய்ச்சலுக்கு ஓட்டுவார்கள். நீங்கள் போகிற சமயம் அதற்குப் பொருந்தும். நம் வண்ணாரப்பேட்டைத் தெருவில் மாட்டை முதுகில் தட்டி நகர்த்திவிட்டுப் போகிறோம், அது மனிதரோடு பிறந்து வளர்ந்த மாடு. திறந்த புல்வெளியில் வளர்ந்த மாடு, ஆள் ஓரளவுக்கு மேல் நெருங்கினால் விலகும். அந்த எல்லைக் கோட்டை உரசி நின்றால் நடக்கும், உள்ளே பாய்ந்தால் சிதறி ஓடும். அதன் தோளுக்குப் பின்னால் நீங்கள் இருந்தால் முன்னே போகும், தோளுக்கு முன்னால் வந்தால் நிற்கும் அல்லது திரும்பும். இதையெல்லாம் ஆராய்ந்து எழுதிப் பண்ணைகளில் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்களில் டெம்பிள் கிராண்டின் முக்கியமானவர், கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர். கத்தவே வேண்டாம். சத்தம் போடுகிறவரைவிடச் சரியான இடத்தில் சும்மா நிற்கிறவர் அதிகம் மாடு ஓட்டுவார்.

கன்று பின்தங்கிவிட்டால் தாய் அதைத் தேடித் திரும்பி ஓடும். மொத்தக் கூட்டமும் குழம்பும். அதனால் போய்ச் சேர்ந்ததும் ஒவ்வொரு தாயும் தன் கன்றை மோந்து அடையாளம் கண்டு பால் கொடுக்கிற வரைக்கும் ஆட்கள் சுற்றி நின்று காத்திருப்பார்கள். மகளிடம் சொல்லுங்கள், அந்த நேரத்தில் குதிரையை நிறுத்திவிட்டுப் பொறுமையாகப் பார்க்கட்டும்.

குதிரைக்கு நேர் பின்னாலும் மூக்குக்கு நேர் முன்னாலும் கண் தெரியாது. தோள் பக்கமாகப் பேசிக்கொண்டே போங்கள்.

பெரம்பூர் லோகோ எழுதியது:

அக்கா, பெண்களுக்கான விஷயம் யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். ஜீன்ஸில் உள்தொடைப் பக்கம் தடித்த தையல் இருந்தால் முதல் நாளே தோல் உரிந்துவிடும். துணிக்கடை வைத்திருக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, தையல் மெல்லியதாகப் பார்த்து எடுங்கள். உள்ளே சைக்கிள் ஓட்டுகிறவர்கள் போடுகிற ஷார்ட்ஸ் போட்டால் இன்னும் நல்லது. துப்பட்டா, ஸ்கார்ஃப் எதுவும் பறக்கக்கூடாது. பின்னலை மடித்துச் சட்டைக்குள் விட்டுவிடுங்கள். ஷூவுக்குச் சின்ன ஹீல் இருக்க வேண்டும், தட்டையாக இருந்தால் கால் அங்கவடிக்குள் முழுசாக நுழைந்து மாட்டிக்கொள்ளும். ஹெல்மெட் கேட்டு வாங்கிப் போடுங்கள், மற்றவர்கள் தொப்பியோடு வந்தாலும் சரி.

கிளம்புவதற்கு முன்னால் மூன்று பேரும் ஈசிஆர் பக்கம் இருக்கிற குதிரைப் பயிற்சிப் பள்ளி ஒன்றில் சில வகுப்பு போய்விடுங்கள். வடசென்னையிலிருந்து தூரம்தான், ஞாயிறு விடியற்காலையில் கிளம்பினால் டிராஃபிக் இருக்காது. அங்கே கற்றுக்கொடுப்பது வேறு வகைச் சேணம், ஆனால் உயரத்தில் உட்கார்ந்து பழகிய உடம்புக்குப் பயம் பாதி போய்விடும்.

வண்ணாரப்பேட்டை கடையம்மா எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மகளிடம் படித்துக் காட்டினேன். பாறை மதில் பகுதியை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னாள், அப்புறம் "சரி, இந்த வருஷம் பண்ணை" என்றாள். வீட்டுக்காரரும் எடையை அப்படியே எழுதச் சொல்லிவிட்டார்.

சாப்பாடு எப்படி? அவர் பீஃப் சாப்பிடுவார், நானும் மகளும் சாப்பிட மாட்டோம். ஊறுகாய், பருப்புப் பொடி எடுத்துப் போகலாமா? கரடி பயம் உண்டா? பணம் எவ்வளவு எடுத்து வைக்க வேண்டும்?

கல்மண்டபம் மோட்டார் எழுதியது:

அக்கா, பதிவு செய்யும்போதே பீஃப் வேண்டாம் என்று எழுதிவிட்டால் கோழி, முட்டை, பீன்ஸ், உருளைக்கிழங்கு, ரொட்டி என்று தனியாகச் செய்து கொடுப்பார்கள். பருப்புப் பொடி தாராளமாகக் கொண்டு போங்கள். இறைச்சி கலந்த எதையும் பெட்டியில் வைக்காதீர்கள், விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள்.

கரடி அந்தப் பக்கத்து மலைகளில் உண்டு. மலை முகாமில் ஊறுகாய் மட்டும் இல்லை, பற்பசைகூடக் கூடாரத்துக்குள் வைக்க விடமாட்டார்கள். எல்லாம் கரடி திறக்க முடியாத பெட்டிக்குள் போகும். பண்ணை வீட்டில் அவ்வளவு கெடுபிடி இருக்காது, ஆனால் சாப்பாட்டை வெளியே வைக்கக்கூடாது. கரடிக்கு அடிக்கிற ஸ்பிரேயை விமானத்தில் கைப்பையிலும் அனுமதிக்க மாட்டார்கள், பெரிய பெட்டியிலும் அனுமதிக்க மாட்டார்கள், தேவைப்பட்டால் அங்கே வாங்கிக்கொள்ளுங்கள்.

நல்ல டூட் ராஞ்ச் என்றால் ஒரு வாரத்துக்கு ஆளுக்கு 2,000 டாலருக்கு மேலேதான், சாப்பாடும் சவாரியும் பெரும்பாலும் அதிலேயே அடங்கும். வேலை ஆட்களுக்குக் கடைசியில் 15, 20 சதவீதம் கொடுப்பது அங்கே வழக்கம், அதையும் கணக்கில் வையுங்கள். பயண இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது குதிரைச் சவாரி சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். பல திட்டங்களில் சாகச விளையாட்டு என்று சொல்லிக் கழித்துவிடுவார்கள்.

இறங்கினதும் நேராகப் பண்ணைக்குப் போகாதீர்கள். டென்வரே 1,600 மீட்டர் உயரம். தம்பி வீட்டில் இரண்டு மூன்று நாள் தங்கி, தண்ணீர் நிறையக் குடித்து உடம்பைப் பழக்குங்கள். சில பண்ணைகளின் சவாரிப் பாதை நம் தொட்டபெட்டா உயரமான 2,637 மீட்டரையும் தாண்டும். ஜூனிலும் விடியற்காலையில் பல் கிட்டும், மதியத்துக்கு மேல் இடி மழை வரும். கம்பளிச் சட்டையும் மழைக்கோட்டும் சேணத்துக்குப் பின்னால் கட்டியே இருக்கட்டும்.

விசா கைக்கு வந்த பிறகு முன்பணம் கட்டுங்கள். அதற்கு முன்னால் தம்பியிடம் சொல்லி, ரத்து செய்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்று பண்ணைக்கு மெயில் போடச் சொல்லுங்கள்.