கேனப்பி ஹைட் 'மர உயரம்' ஆகுமா?

வணக்கம். இங்கே முன்வைக்கப்பட்ட இரண்டு தமிழ்ச் சொற்களைப் பற்றி:

> லைடார் = சீரொளி அலகிடல்
> கேனப்பி ஹைட் = மர உயரம்

முதலாவதில் எனக்குச் சண்டை இல்லை. சீரொளியை (லேசர்) அனுப்பி, அது திரும்பும் நேரத்தைக் கொண்டு தொலைவை அளக்கும் கருவியை ரேடார், சோனார் போல லைடார் என்றே விட்டுவிட்டு, வேலைக்குச் 'சீரொளி அலகிடல்' என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாவதுதான் இடிக்கிறது. கேனப்பி என்பது தனி மரம் அல்ல, காட்டின் இலைகளும் கிளைகளும் சேர்ந்த மேற்கூரை.

விமானத்திலிருந்து இறங்கும் ஒரு சீரொளித் துடிப்பு, உச்சி இலையில் பட்டுக் கொஞ்சம் திரும்பும். மிச்சம் இடுக்கு வழியே நுழைந்து நடுக்கிளையில் கொஞ்சம், தரையில் கொஞ்சம் என்று திரும்பும். ஒரு நானோநொடி பிந்தி வந்தால் 15 செ.மீ. கூடுதல் தொலைவு. முதலில் வந்தவை காட்டின் மேற்பரப்பைத் தரும், தரையில் பட்டவை நிலமட்டத்தைத் தரும். காட்டைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்குக் கட்டம் கழித்தால் வருவதுதான் நாம் பெயர் தேடும் உயரம். ஒரு கட்டத்துக்குள் நாலு மரத்துக் கிளைகள் பின்னிக் கிடக்கலாம்; மரம் விழுந்த வெட்டவெளியாகவும் இருக்கலாம்.

மலேசியாவில், சபாவின் டானம் பள்ளத்தாக்கில் 2018இல் ஒரு நெட்டை மெராந்தி மரம் அகப்பட்டது வான்வழி அலகிடலில்தான். ஆனால் 100.8 மீட்டர் என்ற கணக்கு, 2019 சனவரியில் ஆள் உச்சிவரை ஏறி அளவு நாடாவைத் தொங்கவிட்டு எடுத்தது. 'மர உயரம்' என்ற சொல்லை அதற்கு விட்டுவைப்போம்.

கேனப்பிக்கு என் ஓட்டு 'கவிகை'. "கவிகைக்கீழ்த் தங்கும் உலகு" என்று குறளிலேயே குடைக்கு வந்த சொல். 'கவிகை உயரம்' சொல்லவும் எளிது. 'விதானம்' எனக்குக் கோயில் கூரையைத்தான் காட்டுகிறது. (ஈழத்து நண்பர்களுக்கு ஊர் அலுவலரான விதானையார் வேறு குறுக்கே வருவார்.)

பட்டுத் திரும்பி வரும் ஒளியான ரிட்டர்னுக்கு 'எதிரொளி' அழகுதான். ஆனால் வாயால் சொல்லும்போது பாதிப்பேருக்கு எதிரொலி ஆகிவிடும். 'மீளொளி' என்றால் முதல் மீளொளி, கடை மீளொளி எனப் பிரிக்கலாம். அளந்த புள்ளிகளின் தொகுப்பான பாயின்ட் கிளவுடுக்குப் 'புள்ளித்திரள்' போதும். விமான நிலையங்களில் மேகத்தின் அடிமட்டத்தை அளப்பதும் இதே நுட்பம். அங்கே போய்ப் 'புள்ளி மேகம்' என்றால் குழப்பம்தான்.

அப்புறம் ஃபுட்பிரின்ட், அதாவது ஒரு துடிப்பு தரையில் படும் பரப்பு. பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் உள்ள ஜெடி (GEDI) என்ற லைடார் கருவியின் ஒவ்வொரு துடிப்பும் தரையில் சுமார் 25 மீட்டர் விட்டத்துக்கு விழுகிறது. 'அடிச்சுவடு' ஒட்டவில்லை, 'ஒளிவட்டம்' சாமி படத்துக்குப் போய்விட்டது. 'படுவட்டம்' என்று யோசித்தேன். சரிவில் அது நீள்வட்டமாகிவிடுமே என்று யாராவது கேட்பீர்கள். வேறு சொல் இருந்தால் தாருங்கள்.