‘ஹீமோ’வும் ‘ஈமியா’வும் ஒரே வேரிலிருந்து வந்தவையா?

கேள்வி – ஆய்வக மாணவி:
இரத்தம் பற்றிய மருத்துவச் சொற்களில் ஹீமோகுளோபின், ஹீமோஃபீலியா (இரத்தம் எளிதில் உறையாத நோய்) போன்றவை ‘ஹீமோ’ எனத் தொடங்குகின்றன; அனீமியா (இரத்தசோகை), லுக்கேமியா (இரத்தப் புற்றுநோய்) போன்றவையோ ‘ஈமியா’ என முடிகின்றன. இரண்டும் ஒரே கிரேக்கச் சொல் என்றால் ஹகரம் எங்கே போயிற்று? இச்சொற்களைப் பிரித்துப் பார்த்தே நோயின் தன்மையை அறிந்துகொள்ள முடியுமா?

பதில் – பழஞ்சொல்:
இரண்டும் இரத்தத்தைக் குறிக்கும் ‘ஹைமா’ என்ற சொல்லே. கிரேக்கத்தில் ஹகர ஒலியை, சொல்லின் முதல் உயிரெழுத்தின் மேல் இடும் ஒரு சிறு குறியால் காட்டுவார்கள். முன்னால் வேறொரு பகுதி வந்து ஒட்டினால் அவ்வொலி பெரும்பாலும் மறைந்துவிடும். இன்மையைக் குறிக்கும் ‘அன்’ சேர்ந்து ‘அனைமியா’ என்றாகி, லத்தீன் வழியாக அனீமியாவாக வந்தது. இரத்தவியலைக் குறிக்கும் ஹெமடாலஜியில் டகரம் நுழைந்ததற்குக் காரணம், மரம் ‘மரத்தை’ என்று திரிவதைப் போல, ஹைமாவும் வேற்றுமை ஏற்கும்போது ‘ஹைமாட்’ எனத் திரிவதுதான்.

பதில் – நுண்ணோக்கி:
பிரித்துப் பொருள்கொள்வது அணுக்களின் பெயர்களுக்கு நன்றாகவே உதவும். ‘எரித்ரோஸ்’ சிவப்பு, ‘லியூக்கோஸ்’ வெண்மை, ‘திராம்போஸ்’ உறைகட்டி. நோய்ப் பெயர்களில்தான் எச்சரிக்கை தேவை. ஹீமோஃபீலியாவை அப்படியே பிரித்தால் ‘இரத்தத்தின்பால் விருப்பம்’ என்று வரும். இரத்தத்தை உறையவைக்கும் புரதங்களில் உறைதல் காரணி எட்டோ ஒன்பதோ குறைந்திருப்பதை அது துளியும் உணர்த்தாது. 1847இல் ‘வெண்ணிற இரத்தம்’ என்று பொருள்படும் லுக்கேமியா என்ற பெயரை வழங்கிய ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோவுக்காவது கண்ணால் கண்ட சான்று இருந்தது. வெள்ளணுக்கள் மிகுந்த இரத்தத்தை அசைக்காமல் வைத்தால், சிவப்பணுக்கள் அடியில் படிய, அவற்றின் மேல் வெளிறிய படலம் தடித்து நிற்கும். ஆனால் வெள்ளணு எண்ணிக்கை உயராத லுக்கேமியாவும் உண்டு என்பதால், பெயரை மட்டும் நம்பி அறிக்கையைப் படிக்கக் கூடாது.

பதில் – பழஞ்சொல்:
நண்பர் சொன்னதற்கு மேலும் வலுச் சேர்ப்பது தமனியைக் குறிக்கும் ‘ஆர்ட்டரி’. இதன் மூலமான ‘ஆர்டீரியா’ மூச்சுக்குழாயையும் குறித்த சொல். பிணத்தை அறுத்தபோது தமனிகள் பெரும்பாலும் வெறுமையாகத் தெரிந்ததால், அவற்றில் காற்று போன்ற ‘நியூமா’ ஓடுவதாகவே பண்டைய கிரேக்க மருத்துவர் எராசிஸ்திராத்தஸ் முதலியோர் கருதினர். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் கேலன், உயிருள்ள விலங்கின் தமனியை இரண்டு இடங்களில் கட்டி, நடுவே அறுத்து, உள்ளே இரத்தமே இருப்பதைக் காட்டினார். கருத்து வீழ்ந்தும் பெயர் மாறவில்லை.

கேள்வியாளர்:
மிக்க நன்றி. ஹெமரேஜ் (இரத்தப்போக்கு), ஹெமராய்டு இரண்டிலும் பின்பகுதி ஒன்றுதானா?

பதில் – நுண்ணோக்கி:
இல்லை. முன்னது ‘உடைந்து பீறிடுதல்’ என்ற வினையிலிருந்தும், மூலநோயைக் குறிக்கும் பின்னது ‘ஒழுகுதல்’ என்ற வினையிலிருந்தும் வந்தவை. வயிற்றுப்போக்கைக் குறிக்கும் ‘டயரியா’வில் இருப்பதும் இந்த ஒழுகுதலே.